வாசல்ல நின்னே சொன்ன ருசி

வாடகைக் கார் ஓட்டுறவனுக்கு ரெண்டு லைசென்ஸ் வேணும். ஒண்ணு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தர்றது. இன்னொண்ணு, "இந்த ஊர்ல என்ன ஸ்பெஷல் டிரைவர்?"னு பின்சீட்டுலேர்ந்து கேள்வி வந்தா யோசிக்காம பதில் சொல்ற வாய். முதல் லைசென்ஸை எட்டு போட்டுக் காட்டி வாங்கிடலாம். ரெண்டாவதைப் பொய் சொல்லித்தான் வாங்கணும். ஸ்டியரிங் புடிக்கிற சனங்களே, உங்களுக்குத் தெரியாததா?

நான் நெய்வேலி டவுன்ஷிப்ல பதினாறு வருசமா கார் ஓட்டறேன். பேரு ஞானவேல், ஸ்டாண்டுல வேலு. குவார்ட்டர்ஸ்காரங்களை ஏர்போர்ட்டு, ஆஸ்பத்திரி, கல்யாணம், விசா ஆபீஸுன்னு மெட்ராஸுக்குக் கூட்டிகினு போறதுதான் பொழப்பு. "மெட்ராஸ்ல எங்க என்ன நல்லாருக்கும்னு வேலுவைக் கேளு"ன்னு பிளாக்குக்கு பிளாக் என் பேரு பரவிக் கெடக்கு. என் பொண்ணு பவித்ரா ஸ்கூல் படிக்கறப்போலேர்ந்தே, "எங்கப்பாவுக்குத் தெரியாத கடையே மெட்ராஸ்ல கிடையாது"ன்னு ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சா.

இப்ப உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் கடைங்க ஒண்ணுலகூட ஒரு வாய் சாப்புடாமத்தான் நான் அதையெல்லாம் சொல்லிகினு இருந்தேன். இது வெளிய தெரிஞ்சா சவாரி போனாப் போவுது. பவித்ரா மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னுதான் இத்தினி வருசமா பயந்துகினு இருந்தேன்.

முதல் பொய்

மெட்ராஸுக்கு மொத மொத சவாரி. பின்னாடி ஒரு திருநெல்வேலி சாரும் அவரு சம்சாரமும். சாரு மைன்ஸ்ல எலக்ட்ரீஷியன், பர்மனென்ட்டு. மவன் வெளிநாடு போறான், அதுக்கு ஏதோ பேப்பர் வேலை. வேலை முடிஞ்சி சைதாப்பேட்டை வழியா வர்றோம். "டிரைவர் தம்பி, இந்தப் பக்கம் திங்கதுக்கு என்ன நல்லாருக்கும்?"னாரு. அன்னைக்கு எனக்கு மெட்ராஸ்ல கிழக்கு எது மேற்கு எதுன்னே தெரியாது. கேக்கறாரே, தெரியாதுன்னு சொன்னா இவன் என்ன டிரைவர்னு நெனப்பாரேன்னு ஒரு ரோஷம்.

எதுத்தாப்புல ஒரு கடை. உள்ள எடம் இல்லாம வாசல்ல பத்துப் பேரு காத்துகினு நிக்கிறாங்க. போர்டுல 'வடகறி'ங்கிறது மட்டும் கண்ணுல பட்டுது. "சார், சைதாப்பேட்டை வந்துட்டு வடகறி சாப்புடாம போனா வந்ததே வேஸ்ட்டு"ன்னு அடிச்சு வுட்டேன். ரெண்டு பேரும் எறங்கி உள்ள போனாங்க. நல்லா இல்லன்னா திரும்பி வர்ற மூணரை மணி நேரமும் திட்டு வாங்கணுமே!

அரை மணி கழிச்சி வந்தாங்க. அந்தம்மா கையில ஒரு பார்சல். சாரு கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பெரிய ஏப்பம் வுட்டாரு. முன்சீட்டுப் பக்கமா வந்து என் தோள்ல ஓங்கி ஒண்ணு போட்டாரு. "ஏலே, நீ பெரிய ஆளுலே! சரியான நாக்குலே ஒனக்கு!"

மூஞ்சியைப் பாத்துப் படிக்கிற படிப்பு

"அதுக்கப்புறமாவது ஒரு நாள் உள்ள போயி சாப்புட வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. சொல்றது ஈஸி. மொதல்ல, வண்டி நிறுத்த எடம் இருக்காது. கஸ்டமர் எறங்கனதும், "அப்பால போ, அப்பால போ"ன்னு தொரத்துவாங்க. சுத்திச் சுத்தி வந்து, ஒரு மரத்தடியில போட்டுட்டு, வூட்டுக்காரி கட்டிக் குடுத்த புளிச்சோத்தைப் பிரிக்கறதுக்குள்ள போன் வந்துடும். அப்படியே எடம் கெடைச்சாலும், அவங்க குடும்பமா உக்காந்து சாப்புடறாங்க. அதே டேபிள்ல போயி நானும் உக்கார முடியுமா? பக்கத்து டேபிள்ல உக்காந்தா அவங்களுக்கும் ஒரு மாதிரி, எனக்கும் ஒரு மாதிரி. "டிரைவர், நீங்களும் சாப்ட்டு வந்துடுங்க"ன்னு பேட்டாவைக் கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க. நல்ல மனசோடதான் குடுக்கறாங்க. ஆனா கூட வாங்கன்னு யாரும் கூப்புட்டதில்ல. நானும் எதிர்பாத்ததில்ல.

அப்புறம் எப்படி எல்லாக் கடையும் தெரியும்? மூஞ்சிதான். கடையிலேர்ந்து வெளிய வர்றவங்க மூஞ்சியைப் பாத்தா போதும். பல்லுக் குச்சியோட மெதுவா நடந்து வந்தா நல்ல கடை. வந்ததும் வராததுமா தண்ணி பாட்டில் கேட்டா காரம் ஜாஸ்தி. செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள பின்சீட்டுல கொறட்டை வந்தா நெய்யை நல்லா ஊத்தியிருக்காங்க. திண்டிவனம் வரைக்கும் யாரும் பேசலன்னா அந்தக் கடை பேரை என் லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுவேன். மதுரைக்காரங்க குறை சொன்னா பாதியா எடுத்துக்கணும், அவங்களுக்கு அவங்க ஊரு பரோட்டாவைத் தவிர எதுவும் புடிக்காது. இதையெல்லாம் ஒரு நாள் ஸ்டாண்டுல ஏழுமலை அண்ணன்கிட்ட மட்டும் உளறிட்டேன். அவரு டீயைக் கீழ வெச்சிட்டு வயித்தைப் புடிச்சிகினு சிரிச்சாரு. "டேய் வேலு, கைரேகை பாக்கறவனாவது கையைப் புடிச்சிப் பாப்பான்டா, நீ ஏப்பத்தைக் கேட்டே பலன் சொல்றியேடா!"

ஒரே நாள்ல ஏழு

கோயமுத்தூர் பக்கத்து அம்மா ஒருத்தங்க, அவங்க பொண்ணு, ரெண்டு பேரு மட்டும். கல்யாணப் புடவை எடுக்க தி.நகர் போகணும். பொண்ணு காலேஜ் படிக்குது. போன்ல வீடியோ பாத்துப் பாத்து ஏழு அயிட்டம் எழுதி வெச்சிருக்கு: பிரியாணி, வடகறி, அத்தோங்கிற பர்மா நூடுல்ஸு, முறுக்கு சாண்ட்விச், ரோஸ்மில்க், பீச் சுண்டல், மொளகா பஜ்ஜி. "அண்ணா, எது முதல்ல, எது கடைசிலன்னு நீங்களே சொல்லுங்க"ன்னுச்சு. நானும் பெரிய இவனாட்டம் வரிசை போட்டுக் குடுத்தேன்.

அங்கதான் தப்புப் பண்ணேன். வயித்துக்கு எது முன்ன எது பின்னன்னு சாப்புடறவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது டிராபிக்கு. யூ டர்ன் எங்க, ஒன்வே எங்கன்னு பாத்து, காலையில பத்தரைக்கே பிரியாணியில ஆரம்பிச்சி வெச்சிட்டேன். அது மேல ரோஸ்மில்க். அது மேல முறுக்கு சாண்ட்விச். அத்தோ சாப்ட்டு வந்தப்போ பொண்ணு பேசறதை நிறுத்திடுச்சி. பீச்சுக்குப் போயி பஜ்ஜி வாசனை மூக்குல பட்டதுதான், ஜன்னல் கண்ணாடியை ஏத்திகினு கண்ணை மூடிடுச்சி.

அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல. டிக்கியைத் தொறக்கச் சொன்னாங்க. டவுன்ஷிப்காரங்க எந்த ஊரு போனாலும் டிபன் கேரியர் இல்லாம கெளம்ப மாட்டாங்க, அதுல மூணாவது அடுக்குல ரசம். பொண்ணுக்கு ஒரு டம்ளர் குடுத்துட்டு, எனக்கும் ஒரு தட்டுல சோறு போட்டு ரசம் ஊத்தி நீட்டுனாங்க. கடக்கரைக் காத்துல நின்னுகினு சாப்ட்டேன். மொளகும் சீரகமும் அப்பத்தான் இடிச்சுப் போட்ட மாதிரி அப்படி ஒரு மணம்! அம்மா, அருமைங்கன்னேன். அவங்க மொகத்துல சிரிப்பு வந்துது. "ஏனுங் தம்பி, அடுத்த ஆளுக்கு வரிசை சொல்றப்போ எட்டாவதா எங்க ரசத்தையும் சேத்திக்குங்."

லேப் சார்

நிலக்கரி சாம்பிளை டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு சாரு. தனியா வந்தாரு, முன்சீட்டுல உக்காந்தாரு. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துது. பின்சீட்டுக் கேள்வியை சமாளிச்சிடலாம். பக்கத்துல உக்காந்து மூஞ்சியைப் பாத்துகினே கேக்கறவரை எப்படி சமாளிக்கிறது? பாரிஸ் கார்னர் பக்கம் வேலை முடிஞ்சதும் வழக்கமான கேள்வி வந்துது. "அத்தோ சாப்புடுங்க சார், பர்மாலேர்ந்து வந்தவங்க கொண்டாந்த நூடுல்ஸு, சும்மா ஜிவ்வுன்னு இருக்கும்"னேன்.

வேற யாராவதா இருந்தா எறங்கிப் போயிருப்பாங்க. அவரு, "புளிப்பா இருக்குமா?"ன்னாரு. ஆமா சார்னேன். "புளியா, எலுமிச்சையா?" எனக்கு வேர்த்துடுச்சி. "அது கடைக்குக் கடை மாறும் சார்." "சூடா குடுப்பாங்களா, ஆறினதா?" நூடுல்ஸுன்னா சூடாத்தானே இருக்கும்னு, "ஆவி பறக்கக் குடுப்பாங்க சார்"னு சொல்லிட்டேன். தலையை ஆட்டிகினு போனாரு.

திரும்பி வந்தவரு மூஞ்சியைப் படிக்கவே முடியல. பல்லுக் குச்சியும் இல்ல, தண்ணியும் கேக்கல. மேல்மருவத்தூர் வரைக்கும் ரோட்டையே பாத்துகினு வந்தாரு. அப்புறம், கோவமே இல்லாம, நல்லாத்தான் இருந்துது, ஆனா கையால பிசைஞ்சு ஆறினதைத்தான் குடுத்தாங்கன்னாரு. எனக்கு கியர் மாத்தறது மறந்துபோச்சி. அவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிகினே சொன்னாரு. "சாம்பிள் எடுக்காமயே ரிப்போர்ட் எழுதற ஆளுங்களை நான் சர்வீஸ் பூரா பாத்திருக்கேன் வேலு, ஆனா உன்ன மாதிரி அழகா எழுதறவனைப் பாத்ததில்ல."

எங்க ஊருல என்ன ஸ்பெஷல்?

இது தலைகீழ் சவாரி. மெட்ராஸ்லேர்ந்து மெஷின் பாக்க வந்த ஒரு இன்ஜினியர், விழுப்புரம் ஸ்டேஷன்ல ஏத்திகினு வர்றேன். வழக்கம்போல மெட்ராஸ் பிரியாணி பெருமையை அளந்துகினே வந்தேன். "உங்க நெய்வேலில என்ன ஸ்பெஷல் டிரைவர்?"னு கேட்டாரு. பதினாறு வருசத்துல யாருமே இதைக் கேட்டதில்ல. டவுன்ஷிப்புக்குன்னு ஒரு சாப்பாடு ஏது? ஒரு வூட்டுல திருநெல்வேலி சொதி, அடுத்த வூட்டுல கோயமுத்தூர் அரிசிம்பருப்பு சாதம், மாடி வூட்டுல மதுரைக் கறி தோசை. பர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சி ஆளுங்க திரும்பற நேரத்துல ஒரு தெருவுல நடந்தா தமிழ்நாடு பூரா மூக்காலயே சுத்திட்டு வந்துடலாம். அதைச் சொன்னேன். "அது சரி, அவங்கள்லாம் வெளியூரு. நீங்க இந்த ஊருதானே, உங்க வூட்டுல என்ன?"ன்னாரு.

நாங்க சேத்தியாத்தோப்பு பக்கம். எங்கப்பா நடவு அறுப்புன்னு கூலிக்குப் போனவரு, பின்னால மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டுக் கூலி. எங்க வூட்டுல என்ன ஸ்பெஷல்னு ஒரு மனுஷன் கேக்கறாரேன்னு எனக்கே ஆச்சரியம். பச்சை முந்திரி போட்ட கருவாட்டுக் கொழம்பைச் சொன்னேன். கொட்டை காயறதுக்கு முன்னாடி, பச்சையா இருக்கறப்பவே ரெண்டா வெட்டிப் பருப்பை எடுக்கணும். கொட்டைப் பால் கையில பட்டா தோலு வெந்துடும், அதனால சாம்பலைத் தடவிகினுதான் உக்காருவாங்க. பருப்பு பாலாடை மாதிரி வெள்ளையா வரும். சேத்தியாத்தோப்பு சந்தையில வாங்கின கருவாடு, கத்திரிக்கா, புளியைக் கொஞ்சம் தூக்கலா கரைச்சி ஊத்தி, பருப்பைக் கடைசியில போடணும், வெந்தும் வேகாம கடிபடணும். அன்னைக்கு வெக்கறதை வுட மறுநாள் காலையில பழைய சோத்துக்குத் தொட்டுகினா, அடடா!

பண்ருட்டி தாண்டறவரைக்கும் பேசிகினே இருந்தேன். அந்த இன்ஜினியர் என்னையே பாத்துகினு இருந்தாரு. "டிரைவர், வழியில மெட்ராஸ் பிரியாணியைப் பத்திச் சொன்னப்போ நீங்க ஒரு தடவைகூட எச்சில் முழுங்கல, இப்ப மூணு தடவை முழுங்கிட்டீங்க."

பவித்ரா முன்சீட்டுல உக்காந்த அன்னைக்கு

பவித்ராவுக்கு மெட்ராஸ்ல வேலை கெடைச்சிது. திருவல்லிக்கேணியில லேடீஸ் ஹாஸ்டல். கொண்டு போயி வுடணும். சந்தோசத்துல எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. மெயின் காரணம் சந்தோசம்தான், ஆனா பயமும் இருந்துது. நான் எதிர்பாத்த மாதிரியே வடலூர் தாண்டனதும் போனை எடுத்துட்டா. நான் வூட்டுல சாப்புடறப்போ சொன்ன கடையையெல்லாம் சின்ன வயசுலேர்ந்து ஞாபகம் வெச்சி எழுதியிருக்கா. "ஹாஸ்டல்ல போயி எல்லார்கிட்டயும் சொல்லணும்பா. இன்னைக்கு மத்தியானம் நீ எப்பவும் சொல்ற அந்த மீன் மெஸ். நான் பக்கத்துல உக்காந்து நீ சாப்புடறதைப் பாக்கணும்."

பெட்டியை ஹாஸ்டல்ல எறக்கிட்டு மெஸ்ஸுக்கு வந்தோம். அந்த மெஸ்ஸுக்கு நான் அனுப்பாத பிளாக் இல்ல. வாய் தன்னால பழைய பாட்டைப் பாடுது: "பார்க்கிங் கெடைக்காது பவி, நீ போயி சாப்ட்டு வந்துடு." அவ எறங்கவே இல்ல. "சேந்துதான் போறோம்." ரெண்டு தெரு தள்ளி எடம் கெடைச்சிது. அன்னைக்குன்னு பாத்துக் கெடைக்குது பாருங்க! நடந்து வந்து வாசப்படியில காலை வெக்கறேன், வாட்ச்மேன் பெரியவரு எழுந்திரிச்சி வந்துட்டாரு. எனக்கு நல்லாப் பழக்கம், வெயில்ல நிக்கறப்போ தண்ணி குடுக்கற மனுஷன். அவரு மூஞ்சில அத்தினி சந்தோசம். "அடடே நெய்வேலி! என்னா அதிசயம், இன்னைக்கு உள்ள வர்றீங்க? எத்தினி வருசமா கூப்புடறேன், ஒரு நாளாவது வந்திருப்பீங்களா!"

பவித்ரா என்னைத் திரும்பிப் பாத்தா. உள்ள போனதும், "கை கழுவுற எடம் எங்கப்பா?"ன்னா. நான் ஒரு கதவைக் காட்டினேன். எல போட்டுகினு இருந்தவரு, "சார், அது அடுப்படி"ன்னாரு. எதிர்ப்பக்கம் கொழா இருந்துது. கழுவிட்டு வந்து உக்காந்தோம். சோறு வந்துது, கொழம்பு வந்துது, வஞ்சிரம் வறுவல் ஆளுக்கு ஒரு துண்டு. நான் ஒரு வாய் எடுத்து வெச்சேன். நல்லாத்தான் இருந்துது. ஆனா வறுவல்ல உப்பு கொஞ்சம் கம்மி. இத்தினி குடும்பத்தை அனுப்பியிருக்கேன், இது எனக்குத் தெரியவே தெரியாது.

அதுக்கு மேல மறைக்க முடியல. தலையைத் தூக்காம சொன்னேன். "பவி, அப்பா இங்க சாப்ட்டதில்லமா. அந்த லிஸ்ட்டுல இருக்கற எந்தக் கடையிலயும் சாப்ட்டதில்ல. சாப்ட்டு வர்றவங்களைப் பாத்து, அவங்க பேசறதைக் கேட்டு, அதைத்தான் உன்கிட்ட சொன்னேன்." அவ்ளோ வெக்கமா இருந்துது. பொய் சொல்லி ஏமாத்திட்டியேன்னு கத்துவா, இல்ல சிரிப்பான்னு நெனச்சேன். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அவ கையில இருந்த சோத்தை எலயிலயே வெச்சிட்டு வாசலைத் திரும்பிப் பாத்தா. வெயிலு தீயாட்டம் அடிச்சிகினு இருந்துது. அப்புறம் என்னைப் பாத்தா, கண்ணு ரெண்டும் நெறைஞ்சிருந்துது. அவ துண்டு மீனைத் தூக்கி என் எலயில வெச்சா. "அப்ப இத்தினி வருசமும் நீ வெளியவே நின்னுகினு இருந்தியாப்பா?"

அன்னைக்கிலேர்ந்து மெட்ராஸ்ல என்ன ஸ்பெஷல்னு யாரு கேட்டாலும் நான் ஒரே ஒரு அயிட்டம்தான் சொல்றேன், அதுலயும் உப்பு கம்மின்னு சேத்தே சொல்லிடறேன்.